ஒரு செல்லுக்குள் இன்சுலின் உருவாகும் வழி

சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் ரத்தப் பரிசோதனைகளில் ‘சி-பெப்டைடு’ என்பதும் ஒன்று. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரின் உடல் சொந்தமாகவும் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறதா என்பதை இது சொல்லிவிடும். அதற்கு இன்சுலினையே அளந்தால் போதாதா? ஊசியில் வந்தது எவ்வளவு, கணையம் சுரந்தது எவ்வளவு என்று அதில் பிரித்துப் பார்ப்பது கடினம். சி-பெப்டைடு ஊசி மருந்தில் இருக்காது. செல்லுக்குள் இன்சுலின் தயாராகும்போது மட்டுமே அது உண்டாகும்.

அந்தத் தயாரிப்பு நடக்கும் வழியைப் பின்தொடர்ந்து போனால் செல்லின் பாகங்கள் எதற்காக இருக்கின்றன என்பது புரிந்துவிடும். பள்ளியில் நாம் செல்லைப் படமாகத்தான் படிக்கிறோம். படம் வரைந்து பாகங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் வேலை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், அந்தப் படத்தில் எதுவும் நகர்வதில்லை. ஒரு பாகம் செய்து முடித்ததை அடுத்த பாகம் வாங்கித் திருத்துகிறது என்ற முக்கியமான செய்தி அதில் விடுபட்டுப்போகிறது.

இன்சுலின் சுரப்பவை கணையத்தின் பீட்டா செல்கள். கணையத்தில் இவை திட்டுத்திட்டாகக் கிடப்பதை 1869-ல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதலில் விவரித்தார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது.

தொடக்கம் உட்கருவில். அங்கே 11-வது குரோமோசோமில் இன்சுலினுக்கான மரபணு இருக்கிறது. நம் தோல் செல்லின் உட்கருவிலும் இதே மரபணு உண்டு; ஆனால், அங்கே அது வாசிக்கப்படுவதில்லை. எந்த மரபணு எந்த செல்லில் வாசிக்கப்பட வேண்டும் என்ற கட்டுப்பாடு உட்கருவில்தான் நடக்கிறது. பீட்டா செல்லில் அந்த மரபணு படியெடுக்கப்பட்டு, தூது ஆர்என்ஏவாக உட்கருவின் துளைகள் வழியே வெளியே வருகிறது.

அதைப் படித்து அமினோ அமிலங்களை வரிசையாகக் கோப்பவை ரைபோசோம்கள். இவற்றின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோம் முதலில் கோக்கத் தொடங்குவது இன்சுலினை அல்ல. 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீளச் சங்கிலியை. அதன் முதல் 24 அமினோ அமிலங்கள் ஒரு முகவரிச் சீட்டு. அந்தப் பகுதி வெளிப்பட்டதுமே ரைபோசோம் எண்டோபிளாச வலையின் மேற்பரப்புக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. சங்கிலி வலைக்குள் நுழைந்ததும் அந்தப் பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. புரதங்கள் தாம் போக வேண்டிய இடத்தைத் தம்மிடமே வைத்திருக்கின்றன என்று நிறுவிய குந்தர் புளோபெல்லுக்கு 1999-ல் நோபல் கிடைத்தது.

எண்டோபிளாச வலைக்குள் நடப்பது நுட்பமான வேலை. மீதமுள்ள 86 அமினோ அமிலங்களும் சரியாக மடிய வேண்டும். குறிப்பிட்ட மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்புகள் விழ வேண்டும். ஓரிடம் தவறினாலும் அது உதவாத புரதம்தான். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் மடிப்பு கெட்டு, பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் உண்டு. மடியாத புரதம் உள்ளே தேங்கத் தேங்க, பீட்டா செல்லே செத்துப்போகிறது.

சரியாக மடிந்தவை கோல்கை உறுப்புக்குப் போகின்றன. இந்த வழி ஊகமாகச் சொல்லப்பட்டதல்ல. 1960-களில் ஜார்ஜ் பலாடேவும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் ஊட்டினார்கள். பிறகு அந்தக் கதிரியக்கம் எந்த நேரத்தில் எந்தப் பாகத்தில் தெரிகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதலில் எண்டோபிளாச வலை, சில நிமிடங்கள் கழித்துக் கோல்கை, அதன் பிறகு சுரப்புத் துகள்கள். அவர்கள் பின்தொடர்ந்தவை செரிமான நொதிகள். இன்சுலின் போகும் பாதையும் அதுவேதான். செல் உயிரியலில் இதைவிட எளிமையும் தெளிவும் சேர்ந்த சோதனை குறைவு.

கோல்கையிலிருந்து பிரியும் துகள்களுக்குள்தான் சி-பெப்டைடு வெட்டி எடுக்கப்படுகிறது. நடுவில் இருந்த 31 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு அது. வெட்டிய இடங்களில் இருந்த சில அமினோ அமிலங்களும் நீங்கிய பிறகு எஞ்சுவது, 21, 30 என இரு சங்கிலிகள் பிணைந்த 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின். வெட்டிய துண்டும் அதே துகளுக்குள் இருப்பதால், இன்சுலின் வெளியேறும்போது அதே எண்ணிக்கையில் சி-பெப்டைடும் ரத்தத்தில் கலக்கிறது. ஆய்வகம் அளப்பது இதைத்தான்.

தயாரான இன்சுலின் துத்தநாகத்துடன் சேர்ந்து படிகமாகித் துகள்களில் காத்திருக்கிறது. எப்போது வெளியேற்றுவது என்ற முடிவில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் நுழைகிறது. அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஏடிபி கூடியதும் செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் கால்வாய்கள் மூடிக்கொள்கின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்கிறது. துகள்கள் சவ்வோடு ஒட்டித் திறக்கின்றன. ஆற்றல் உற்பத்திக் கூடம் என்று மட்டும் நாம் படித்த மைட்டோகாண்ட்ரியா, இங்கே ரத்தச் சர்க்கரையை அளக்கும் உணரியாகவும் இருக்கிறது.

பலர் தினமும் விழுங்கும் கிளைமிபிரைடு மாத்திரை இந்தப் பொட்டாசியம் கால்வாயை நேரடியாக மூடிவிடுகிறது. சர்க்கரை ஏறாதபோதும் இன்சுலின் வெளியேறும் என்பதால்தான் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்கிறார்கள். பிறவியிலேயே இந்தக் கால்வாய் சரியாக மூடாததால் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளில் பலருக்கு, அதே வகை மாத்திரை கொடுத்து இன்சுலின் ஊசியையே நிறுத்த முடிந்திருக்கிறது. 2004-ல் காரணமான மரபணு மாற்றம் தெரிந்த பிறகுதான் இது சாத்தியமானது.

வெளியேறாமல் பழசாகிப்போன துகள்களை லைசோசோம்கள் செரித்துவிடுகின்றன. பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவே லைசோசோமைக் கண்டறிந்ததே, எலியின் கல்லீரலில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் போனபோதுதான். 1974-ல் பலாடே, ஆல்பர்ட் கிளாடு ஆகியோருடன் அவரும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

ரத்தச் சர்க்கரையை உணரும் அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறினால் சர்க்கரை நோயும் காது கேளாமையும் சேர்ந்து வருகின்றன. பீட்டா செல்லும் உட்செவியின் செல்களும் மைட்டோகாண்ட்ரியாவை அவ்வளவு நம்பியிருக்கின்றன. அதனால்தான் ஒருவருக்கு இளவயதிலேயே இரண்டும் இருந்தால், தாய்வழி உறவினர்களில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று மருத்துவர் கேட்கிறார்.