உறைபனிக்குள் ஓர் உறையுள்

மட்டக்களப்பு வாவிக்கரையில், நண்பகலில் கிடுகு வேய்ந்த குடிலினுள் நுழைவோர் வெம்மை தணிவதை உணர்வர். ஓலை அடுக்குகளிடையே அசையாது நிற்கும் காற்றே வெயிலின் வெப்பத்தை உள்ளே விடாது தடுக்கின்றது. உறைபனிக்கும் இவ்வியல்பு உண்டு. அது உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. காற்றினால் குவிந்து இறுகிய பனிமேட்டிலும் பாதிக்கு மேற்பட்டது காற்றே. ஆகவேதான், ஆளைக் கொல்லும் பனியையே குடைந்து மலையேறுவோர் அதனுள் உயிர் காக்கின்றனர். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிர் வாட்டினும், உள்ளே பூச்சியத்தை அண்டியே நிற்கும்.

வாயில் தாழ்ந்தும் படுக்கைத் திட்டு உயர்ந்தும் இருத்தல் வேண்டும். குளிர்காற்று கனத்தது, கீழே இறங்கிவிடும். கூரையைக் கவிந்த குடமென வழவழப்பாக்கினால், உருகும் நீர் தலையிற் சொட்டாது சுவர்வழியே வடியும். வெட்டுவோர் விரைதல் ஆகாது. வியர்வையில் நனைந்த ஆடை இரவிற் பகையாகும்.

ஆயினும் பேராபத்து குளிரன்று. பனியை உருக்கிக் குடிநீராக்க மூட்டும் அடுப்பு, காற்றுத்துளை அடைபட்டால், மணமற்ற காபனோரொட்சைட்டு வாயுவை நிரப்பி உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இத்தகைய பழக்கங்களைப் புயலில் கற்க இயலாது. முன்னரே பயிலல் வேண்டும்.

வெப்பநாட்டார்க்கு மலைப்பயிற்சி எட்டாததன்று. 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்ற நிலையத்திற் பயின்ற ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் இலங்கையரானார்.

இன்னுமொன்று: மண்வாரியை வெளியே விட்டு உறங்கலாகாது. விடியுமுன் வாயிலைப் பனி மூடியிருக்கும்.