ரசவாதியின் நஞ்சு, ஸ்டோர்ச் சுவரில்

மாயாஜாலக் கதைகளில் கொடிய மந்திரவாதியிடம் ஒரு குப்பி இருக்கும். உள்ளே இருப்பது செம்பைப் பொன்னாக்கும், கிழவனை இளைஞனாக்கும், தவறாகக் கையாண்டவனைப் பித்தனாக்கும். வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இந்த மூன்றில் கடைசியை நிஜமாகவே செய்யும், முதலாவதைச் செய்வதுபோலக் கண்ணைக் கட்டும் பொருள் ஒன்று உண்டு: பாதரசம்.

ஊவாவின் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களுக்கும் அது அந்நியமல்ல. கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்துப் பக்கமாகத் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் சூட்டின் வித்தியாசத்தைப் பார்த்துத்தான், காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறது, கொழுந்து எப்போது வாடும் என்று டீமேக்கர் கணிப்பார். கச்சான் வீசும் மாதங்களில் அந்த வித்தியாசம் கூடும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசம் பிறப்பதும் அந்த உலர் காற்றில்தான். இந்த வேலைக்குப் பாதரசம் வாய்ப்பாக அமைந்தது. சூட்டுக்கேற்பச் சீராக விரியும், கண்ணாடியில் ஒட்டாது, மைனஸ் 39 பாகை செல்சியஸிலிருந்து 357 பாகை வரை திரவமாகவே இருக்கும்.

ரசவாதிகள் இதன் பின்னால் அலைந்ததை நான் மடமை என்று சொல்லமாட்டேன். அவர்கள் கண்டதை நாம் கண்டிருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்போம். சாதிலிங்கம் என்ற சிவப்புக் கல்லைச் சுட்டால் ஆவி எழும்பி, குளிர்ந்த இடத்தில் வெள்ளித் துளியாகப் படிகிறது. அந்தத் துளியைக் கந்தகத்தோடு அரைத்தால் கரி நிறப் பொடி. அதையே மூடிய கலத்தில் எரித்து ஆவியாக்கிப் படியவிட்டால் மறுபடியும் சிவப்பு! செத்துப் பிழைக்கும் உலோகம் மனிதனையும் சாவிலிருந்து மீட்காதா என்று கேட்டார்கள். சீனத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குள் பாதரச ஆறுகள் ஓடவிடப்பட்டதாகப் பழைய வரலாறு சொல்கிறது. கல்லறை மீதுள்ள மண்மேட்டைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. அரபு ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் வழங்கும் நூல்கள், எல்லா உலோகமும் பாதரசமும் கந்தகமும் சேர்ந்து பிறந்தவை என்கின்றன. நம் சித்தர்களும் ரசத்தைக் கட்டுவதை, அதாவது பாதரசத்தைத் திடமாக்குவதை, பெரும் வித்தையாகக் கொண்டார்கள். அவர்களில் பேர்பெற்ற போகர், ஊவாவுக்குள்ளேயே இருக்கும் கதிர்காமத்துக்கும் வந்தவர் என்பது மரபு.

பொன் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். பாதரசம் தங்கத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அந்தக் கலவையைச் செம்பில் பூசிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போக, தங்கம் மட்டும் படிந்து நிற்கும். கோயில் கலசங்களுக்குத் தங்க முலாம் பூசிய பழைய முறை இதுதான். அடுப்படியில் நின்று பார்ப்பவனுக்குச் செம்பு பொன்னானதாகவே தோன்றும். வேடிக்கை என்னவென்றால், அணுக்கருவில் தங்கத்துக்கு 79 புரோட்டான், பாதரசத்துக்கு 80. ஒன்றே ஒன்றுதான் அதிகம். 1941இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாதரசத்தை நியூட்ரான்களால் தாக்கித் தங்கமாக்கியே விட்டார்கள். கிடைத்ததெல்லாம் கதிரியக்கம் கொண்ட, நிலைக்காத தங்கம். தாலிக்கு உதவாது.

பாதரசத்தின் நஞ்சு எந்த வழியாக ஏறுகிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். காய்ச்சல் பார்க்கும் குழல் உடைந்து பிள்ளை ஒரு துளியை விழுங்கிவிட்டால் வீடே பதறும். திரவப் பாதரசம் குடலில் அநேகமாக உறிஞ்சப்படுவதில்லை. பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அதற்காக வைத்தியரிடம் காட்டாமல் இருக்கக்கூடாதுதான். ஆனால் தரையில் சிதறியதை யாரும் கவனிப்பதில்லை. அது நிறமும் மணமும் இல்லாமல் ஆவியாகும். மூச்சோடு போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கை நடுங்கும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபமும் கூச்சமும் வரும். முயல் மயிரைப் பாதரச உப்பால் பதப்படுத்திய ஐரோப்பியத் தொப்பித் தொழிலாளர்கள் இப்படித்தான் பித்துப் பிடித்தவர்கள் என்று பெயரெடுத்தார்கள்.

லயத்துக் காம்பராவை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, குளிருக்காகச் சாத்திய ஜன்னல், பக்கத்திலேயே எரியும் அடுப்பு. 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். அப்படியானால் அந்தக் காம்பரா முழுவதையும் நிறைக்க அரைக் கிராமே போதும். காய்ச்சல் குழலொன்றில் இருப்பது அரைக் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. கசிவும் காற்றோட்டமும் இருப்பதால் நடப்பில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் நெடுநாள் சுவாசிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை, கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்தான்.

மலை ஊர்களில் இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. தமிழ்நாட்டின் மலை ஊரான கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலைக் கழிவு, ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று.

முகத்தை வெளுப்பாக்கும் சில க்ரீம்களிலும் பாதரச உப்பு இருக்கிறது. தோலின் கருநிறமி உருவாவதை அது தடுக்கும். அதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். தயாரித்தவர் பெயரோ உள்ளடக்கமோ எழுதாத டப்பாவை, எவ்வளவு மலிவென்றாலும், வாங்காதிருப்பது நல்லது.

காய்ச்சல் குழல் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலையும் கதவையும் திறந்துவிடுங்கள், அடுப்பை அணையுங்கள். விளக்குமாறு வேண்டாம், துளியை நூறு துளியாக்கும். தடித்த காகிதத்தால் உருட்டிச் சேர்த்து, மீதியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, இறுக மூடும் போத்தலில் போடுங்கள். கழுநீர்க் கானிலோ நெருப்பிலோ கொட்டக்கூடாது. குழலுக்குள் இருந்தது சிவப்பு நிறமென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. அது சாயம் கலந்த ஆல்கஹால் போன்ற திரவம், பாதரசமல்ல.