'எங்கட ஆள்' என்பது உத்தரவாதமல்ல: வாகன வியாபாரத்தில் நம்பிக்கையும் நட்பும்

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரே தடவையில் செலவிடும் மிகப் பெரிய தொகை வாகனத்துக்கானதுதான். மனைவியின் நகை, வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய பணம், சீட்டுக் காசு, மீதிக்கு லீசிங் என்று நான்கு இடங்களில் திரட்டிய பணம் அது. அதைக் கொண்டுவந்து ஒரு விற்பனை நிலையத்தின் மேசையில் வைப்பவருக்கு, தான் வாங்கப்போகும் வாகனத்தைப் பற்றி அதிகம் தெரியாது. தெரிந்தவர் மேசைக்கு மறுபக்கம் இருக்கிறார். இந்த இடைவெளியில்தான் இத்தொழிலின் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாவித்த வாகனங்களின் விற்பனையோடு தொடர்புடையவன். எமது சமூகத்தில் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். "நானா, எந்த சேலில் நம்பி வாங்கலாம்?" என்று என்னிடம் யாராவது கேட்காத வாரமில்லை. ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவது இலகு. ஆனால் நம்பிக்கை எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அந்தப் பதிலை அவரவரே கண்டுகொள்ளலாம்.

ஐந்து வருடங்கள் கைமாறிய வாகனங்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்கான வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த அதே வாகனங்கள்தான் கைக்குக் கை மாறின. பத்து வருடப் பழமையான வெகன் ஆர், வாங்கியபோது கொடுத்த விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. வாகனம் தேய்ந்துகொண்டே போக, விலை ஏறிக்கொண்டே போன விசித்திரமான காலம் அது.

அதன் விளைவு இன்றும் எங்களோடு இருக்கிறது. இன்று சந்தையில் நிற்கும் பல வாகனங்களுக்கு மூன்று, நான்கு உரிமையாளர்களின் கதை இருக்கிறது. விபத்தில் அடிபட்டது, வாடகைக்கு ஓடியது, வெள்ளத்தில் நின்றது என்று எதுவும் அந்தக் கதையில் இருக்கலாம். பெயின்ட் அடித்து மெருகூட்டி வைத்தால் கதை வெளியே தெரியாது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970 இல் பாவித்த கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001 இல் அவர் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அந்த ஆய்வும் காரணம். அவருடைய வாதத்தை எங்கள் கணக்கில் சொல்கிறேன். நல்ல வேன் ஒன்றின் பெறுமதி 60 இலட்சம் என்றும், அதே மொடலில் குறையுள்ள வேனின் பெறுமதி 40 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். எது நல்லது, எது கெட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாது. எனவே அவர் நடுவில் 50 இலட்சம் என்று கேட்பார். நல்ல வேன் வைத்திருப்பவர் "இந்த விலைக்கு நான் கொடுக்கமாட்டேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். குறையுள்ள வேன் வைத்திருப்பவர் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். இப்படியே போனால் சந்தையில் மிஞ்சுவது கெட்டது மட்டும்தான்.

ஒரு விற்பனையாளரின் பொய் அவருடைய வாடிக்கையாளரை மட்டும் பாதிப்பதில்லை. பக்கத்தில் நேர்மையாக வியாபாரம் செய்பவரின் நல்ல வாகனத்துக்கும் அது நியாயமான விலை கிடைக்காமல் செய்கிறது. ஆகவே உண்மையைச் சொல்வது வாங்குபவருக்குச் செய்யும் தர்மம் மட்டுமல்ல. அது விற்பவரின் தொழிலையே காப்பாற்றும் வழி.

கேட்குமுன் காட்டுவது

நம்பிக்கை சிரிப்பிலிருந்தோ, ஏசி அறையிலிருந்தோ, தேநீரிலிருந்தோ வருவதில்லை. வாங்குபவர் கேட்பதற்கு முன்னரே விற்பவர் எதைக் காட்டுகிறார் என்பதிலிருந்தே அது வருகிறது.

முதலாவது, ஜப்பானிய ஏலப் பத்திரம். ஜப்பானில் ஏலத்தில் எடுக்கப்பட்ட வாகனத்துக்கு ஒரு பரிசோதனைத் தாள் இருக்கும். 4.5, 4, 3.5 என்று தரப் புள்ளி போட்டிருப்பார்கள். விபத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனத்துக்கு இலக்கத்துக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து வரும். வாகனத்தின் படத்தில் சிறு குறியீடுகள் இருக்கும். 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் பள்ளம், 'டபிள்யூ' என்றால் திருத்திப் பெயின்ட் பூசிய தடம், 'எக்ஸ் எக்ஸ்' என்றால் மாற்றிய பாகம். ஏலத்தின்போது மீற்றர் காட்டிய கிலோமீற்றர் அளவும் அதிலேயே இருக்கும். போலித் தாள்களும் உலாவுவதால், தாளில் உள்ள செசி இலக்கத்தை வாகனத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, அந்த இலக்கத்தைக் கொண்டு தாளைத் தனியாகவும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தாளைக் கையில் கொடுத்து, "இந்தக் கதவில் திருத்தம் இருக்கிறது, பாருங்கள்" என்று விரல் வைத்துக் காட்டும் விற்பனையாளர் அந்த ஒரு நிமிடத்தில் சம்பாதிப்பதை ஒரு வருட விளம்பரமும் தராது.

இரண்டாவது, வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற வாகனத்தைக் கழுவித் துடைத்துவிடலாம். ஆனால் ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் அடிப் பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். ஆசனத்துக்குக் கீழுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கலாம். உள்ளே வாசனைத் திரவியம் அளவுக்கு அதிகமாக மணத்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, மின்கலம். ஹைபிரிட் வாகனத்தில் பெட்டரியின் நிலை தெரியாமல் விலை பேசுவது, கண்ணை மூடிக்கொண்டு பாதை கடப்பது போன்றது. நிசான் லீஃப் போன்ற மின்சாரக் காரில் பெட்டரியின் ஆரோக்கியத்தை முகப்பில் 12 கட்டங்கள் காட்டும். அவற்றைத் தற்காலிகமாக நிரப்பிக் காட்டும் வித்தை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே கணினி இணைத்துப் பரிசோதித்த அறிக்கையை விற்பவரே எடுத்து வைத்திருப்பது சிறப்பு. வாங்குபவர் தன் மெக்கானிக்கை அழைத்து வந்தால் முகம் சுளிக்காமல் இடம் கொடுப்பது அதைவிடச் சிறப்பு.

'ஓப்பன் பேப்பர்' என்ற பொறி

எங்கள் நாட்டில் நம்பிக்கை அதிகம் உடையும் இடம் இயந்திரமல்ல, ஆவணம். விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பத்தை மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். அந்த வாகனம் 'ஓப்பன் பேப்பரில்' இரண்டு, மூன்று கைகள் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் முதலாமவரே உரிமையாளராக நீடிப்பார். அந்த வாகனம் ஒருவரை மோதிவிட்டுத் தப்பியோடினாலோ, குற்றச்செயலொன்றில் அகப்பட்டாலோ பொலிஸார் முதலில் தட்டுவது அவருடைய கதவைத்தான். இடையில் அவர் மௌத்தாகிவிட்டால், கடைசியாக வாங்கியவர் உரிமையை மாற்ற முடியாமல் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். கைமாறிய 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

லீசிங் விடயமும் இப்படியே. பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனம் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், கடனை அடைத்து அந்தப் பதிவை நீக்கும்வரை வாகனம் முழுமையாக விற்பவருடையதல்ல. "அதெல்லாம் அடுத்த கிழமை சரியாகிவிடும்" என்ற வார்த்தையை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தவர்களின் அடுத்த கிழமை சில வேளைகளில் வருடக்கணக்காக நீண்டிருக்கிறது.

உரிமை மாற்றத்தைத் தன் பொறுப்பில் முடித்து, புதிய பதிவுச் சான்றிதழின் பிரதியை வாடிக்கையாளரின் கையில் கொடுக்கும்வரை கோப்பை மூடாத விற்பனை நிலையங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மக்கள் தம்பியையும் மருமகனையும் அழைத்து வருகிறார்கள்.

'எங்கட ஆள்தானே?'

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். எமது வியாபாரத்தில் ஒரு வசனம் அடிக்கடி வரும். "எங்கட ஆள்தானே, பிறகென்ன பேப்பர்?" இதை விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் சொல்கிறார். பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்றவர், ஊரவர், சொந்தக்காரர் என்ற உறவு பரிசோதனைக்குப் பதிலாக வந்து நிற்கிறது. கேள்வி கேட்பது அவமதிப்பாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஊரவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் வேன் வாங்கினார். மீற்றர் காட்டியது 80 ஆயிரம் கிலோமீற்றர். பழைய சேர்விஸ் பதிவு கிடைத்தபோது அது இரண்டு இலட்சத்தைத் தாண்டி ஓடியிருந்தது தெரியவந்தது. அவர் முறைப்பாடு செய்யவில்லை. "ஊருக்குள் முகம் பார்க்க வேண்டுமே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவுமில்லை. கேட்கத் தயங்கிய ஒரு கேள்வி, பணத்தையும் உறவையும் சேர்த்துக் கொண்டுபோனது.

அமானிதம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. ஒருவர் எங்களை நம்புகிறார் என்பது சரிபார்ப்பைத் தவிர்ப்பதற்கான சலுகையல்ல. அது எங்கள் பொறுப்பை இரட்டிப்பாக்கும் சுமை. உறவுக்காரருக்கு விற்கும்போதுதான் ஆவணங்கள் இன்னும் கூடுதலாக மேசைக்கு வர வேண்டும்.

பணம் வாங்கிய பிறகு தொடங்கும் நட்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெவ்ரலே கார்கள் விற்ற ஜோ ஜிரார்ட் என்பவர், 1963 முதல் 1978 வரை 13,001 கார்களை ஒவ்வொன்றாக விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தார். தன் வாடிக்கையாளர்களுக்கு மாதந்தோறும் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவது அவருடைய வழக்கம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்களும் பெருநாளைக்கு வட்ஸ்அப் வாழ்த்து அனுப்புகிறார்கள். அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் நட்பு அட்டையில் இல்லை. வாகனம் பழுதாகும் நாளில் தொலைபேசியை எடுப்பதில் இருக்கிறது.

நான் பழகிய மூத்த வியாபாரி ஒருவரிடம் கார் வாங்கியவருக்கு மூன்றாவது வாரத்தில் கியர்பொக்ஸ் பழுதானது. எழுத்தில் எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாதியை நான் போடுகிறேன்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பஞ்சிகாவத்தைக் கடையில் பாகத்தையும் எடுத்துக் கொடுத்தார். அந்த விற்பனையில் கிடைத்த இலாபத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வேறு எவரிடமும் வாகனம் வாங்கவில்லை. அவருடைய மகளின் திருமணத்துக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

நட்பைக் காட்டி நம்பிக்கையைப் பெற முயன்றால் அது வியாபாரத் தந்திரம். நம்பிக்கை பல தடவை பரீட்சிக்கப்பட்டு, பிறகு நட்பாகக் கனிந்தால் அதுதான் பரக்கத்.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு

பொய் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. தன் பழைய காரைக் கொடுத்துப் புதியதை எடுக்க வருபவர், என்ஜின் எண்ணெய் குடிப்பதை மறைக்கிறார். ஒரு சேலில் பொய்யான விலையைச் சொல்லி இன்னொரு சேலில் விலை குறைக்கிறார். முற்பணம் கொடுத்து வாகனத்தை நிறுத்திவைத்துவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடுகிறார். "நட்பு விலை" கேட்டு வாங்கிவிட்டு, சிறு கீறலுக்கும் ஊரெல்லாம் பேசுகிறார். உண்மையை எதிர்பார்ப்பவர் உண்மையைக் கொடுக்கவும் வேண்டும்.

சட்டமும் வாங்குபவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு விற்பவரைப் பிடிப்பது கடினம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் செய்ய வேண்டும். எனவே வாக்குறுதி எதுவானாலும் பற்றுச்சீட்டிலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுப்பதில் நேர்மையானவருக்கு நட்டமில்லை.

அடுத்த தடவை ஒரு விற்பனை நிலையத்துக்குள் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். "இந்த வாகனத்தில் என்ன குறை இருக்கிறது?" பத்து வருடம் ஓடிய வாகனத்துக்கு "ஒரு குறையும் இல்லை" என்று பதில் வந்தால், தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். "இந்தப் பக்கம் திருத்தம் இருக்கிறது, டயர் இன்னும் ஆறு மாதம்தான் தாங்கும், பெட்டரி அறிக்கை இதோ" என்று சொல்பவர் கிடைத்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் விலையில் ஐம்பதாயிரம் கூடச் சொன்னாலும் பரவாயில்லை.