சித்தாள் கையில் கரணை

பெங்களூரில் சர்ஜாபூர் சாலை, ஒயிட்ஃபீல்டு என்று எந்தப் பக்கம் போனாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சாரத்தில் நிற்பவர்களில் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்தவரும் உண்டு, ராய்ச்சூர், பிகார், ஒடிசாவிலிருந்து வந்தவரும் உண்டு. தொழிலை வகுப்பில் படித்துவிட்டு வந்தவர்களோ மிகச் சிலர். 19 முதல் 24 வயதுக்குட்பட்ட தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே குறிப்பிடுகிறது. வகுப்பு இல்லாமலேயே வீடுகள் எழும்புகின்றனவே என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நூல் பிடித்துக் கல் வைக்கவும் பூச்சு இழுக்கவும் கை பழகச் சாரத்தைவிட நல்ல பள்ளி இல்லை. ஆனால் செய்கிற வேலைக்குக் காரணம் சொல்ல மேஸ்திரிக்கு நேரம் கிடையாது; பல நேரம் அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கலவை இளகலாக இருந்தால் கான்கிரீட்டைக் கொட்டுவதும் குத்துவதும் சுலபம் என்பதால் இன்னொரு வாளி ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலு குறைகிறது, உள்ளே கம்பி துருப்பிடிக்க வழி பிறக்கிறது. அதனால்தான் ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை, பாதிப்பு குறைந்த சூழலில்கூட, கம்பி போட்ட கான்கிரீட்டில் சிமெண்ட் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. 50 கிலோ மூட்டைக்கு இருபத்தேழரை லிட்டர். மழையில் நனைந்த எம்சாண்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். இது தெரிந்தவர் வாளியைப் பிடித்து நிறுத்துவார். ஐடிஐயில் கரணை பிடிப்பதோடு கணக்கும் வரைபடமும் பாடமாக இருப்பது இதற்காகவே. 3-4-5 அளந்து மூலைமட்டம் பார்க்கும் வித்தையும், பள்ளியில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றமும் ஒன்றுதான் என்பது அங்கே படிக்கும் மாணவருக்குப் புரிந்துவிடுகிறது.

வகுப்பு தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் சித்தாள். கையாளாகச் சேர்ந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறான். அவனோடு சேர்ந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சட்டிதான் சுமக்கிறாள். கலவையின் பதம் அவளுக்குத் தெரியாததல்ல. கரணையை அவள் கையில் கொடுக்க ஆளில்லை. சாரத்தில் கற்பது மேஸ்திரியின் தயவில் நடக்கிறது. வகுப்பிலோ விண்ணப்பம் போட்டவருக்கெல்லாம் கரணை உண்டு. அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டமும் பெண்களுக்குக் கட்டுமானப் பயிற்சி கொடுத்து, அவர்களாலும் கொத்து வேலை ஆகும் என்பதைக் காட்டியிருக்கின்றன.

தொழிற்கல்வி என்றதும் தமிழருக்குக் குலக்கல்வி நினைவு வராமல் போகாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை அந்தப் பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டும் ஏற்பாட்டை எதிர்த்தது சரிதான். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய வகுப்பின் மேல் அந்தக் குற்றச்சாட்டை வைக்க முடியாது. மாமன் மச்சானைக் கூட்டிவரும் இன்றைய சாரம்தான் (சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும்) குலக்கல்விக்கு நெருக்கமானது.

பதில் சொல்லச் சிரமமான மறுப்பு கூலியைப் பற்றியது. தினக்கூலியில் குடும்பம் நடத்துபவர் மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. சான்றிதழைக் காட்டினால் மேஸ்திரி கூடுதலாகத் தருவார் என்பதற்கும் உறுதி இல்லை. சான்றிதழின் மதிப்பு கூடச் சில காலம் பிடிக்கும். கூலிக்கு மட்டும் இப்போதே வழி இருக்கிறது. சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வையாக வசூலிக்கப்பட்டு, கர்நாடகத்தில் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலியை அதிலிருந்து கொடுக்கலாம். பெங்களூரில் வீடு கட்டித் தீர்வை செலுத்தியவர்கள், அந்தப் பணத்தில் எத்தனை சித்தாள்கள் கொத்தனார் ஆனார்கள் என்று வாரியத்திடம் கேளுங்கள்.