கைது என்பது டீஃபால்ட் அல்ல

"பொண்டாட்டிய கைநீட்டி அடிச்சவனுக்கு எதுக்கு வக்கீல்?" இந்தக் கேள்வியை எங்க தூத்துக்குடியில் டீக்கடை முதல் ஆபீஸ் வாட்ஸ்அப் குழு வரை கேட்கலாம். அந்தக் கோபம் புரியுது. ஆனா சட்டத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, அப்படிக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வந்த ஒரு தீர்ப்புதான் இன்னிக்கு நம்ம எல்லோருக்கும் காவலா நிக்குது. அது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. (நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளைப் படிக்கிற மென்பொருள்காரன். உங்க கேஸுக்கு வக்கீலைத்தான் கேட்கணும்.)

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரிச்சுக்கணும்.

ஒன்று, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். இதில் பெண் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு பாதுகாப்பு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, பணம் ஆகியவற்றைக் கேட்கிறார். மறுபக்கம் இருப்பவர் 'எதிர்மனுதாரர்' மட்டுமே, 'குற்றம் சாட்டப்பட்டவர்' அல்ல. அவருக்கு வருவது நோட்டீஸ். வக்கீல் மூலம் பதில் சொல்லலாம். ஆனால் பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறினால் அது குற்றம்: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு இருந்தா, "சும்மா சமாதானம் பேசத்தான் போனேன்" என்பது பதில் ஆகாது.

இரண்டு, போலீஸ் போடும் எஃப்.ஐ.ஆர். கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகள். தண்டனை மூன்று வருஷம் வரை. அடித்ததற்கு 115(2), மிரட்டியதற்கு 351 என்று கூடவே சேரலாம். கொடுமை வழக்கு 'ஜாமீனில் விட முடியாத' வகை. இந்தப் பெயர்தான் ஆளைக் குழப்புது. ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை. ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்தான் முடிவு செய்யும், அவ்வளவுதான்.

இனி அந்தத் தீர்ப்புக்கு வருவோம். 2014 ஜூலை 2, உச்ச நீதிமன்றம், அர்னேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம். அது ஒரு 498ஏ வழக்கு. 2012இல் மட்டும் இந்தப் பிரிவில் 1,97,762 பேர் கைதானதாகவும், அதில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் பெண்கள் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. மாமியார், நாத்தனார் எல்லாம் சேர்த்துத்தான். தண்டனையில் முடிந்தவை 15 சதவீதம். மீதி எல்லாம் பொய்க் கேஸ் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சமரசம், பிறழ்சாட்சி, பலவீனமான விசாரணை என்று காரணம் பல. ஆனால் இத்தனை பேரையும் உள்ளே தள்ளத் தேவை இருந்ததா என்ற கேள்வி நியாயமானது.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, கைது என்பது டீஃபால்ட் அல்ல என்று அந்தத் தீர்ப்பு மாற்றியது. ஏன் கைது அவசியம் என்று போலீஸ் சரிபார்ப்புப் பட்டியலோடு காரணம் எழுதணும். தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரணும் (பழைய 41ஏ, இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3)). மாஜிஸ்திரேட் அந்தக் காரணங்களைப் படித்துத் திருப்தி அடைந்த பிறகே ரிமாண்ட் செய்யணும். முக்கியமான வரி இதற்கு அப்புறம் வருது: இது 498ஏ-க்கு மட்டுமல்ல, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும்.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வாங்க. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் மீது வழக்கு. போட்ட பிரிவுகள் எதற்கும் ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை கிடையாது. அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை அப்பாவும் இறந்துபோனார்கள். 'ஏன் கைது?', 'உடம்பில் என்ன காயம்?' என்ற இரண்டு கேள்விகளை ரிமாண்ட் நேரத்தில் அழுத்திக் கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். ஒரு குடும்ப வழக்கில் பிறந்த விதி ஒரு கடைக்காரரையும் அவர் மகனையும் காப்பாற்றியிருக்க வேண்டியது. ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இல்லை.

அதனால்தான் முதல் 24 மணி நேரத்தில் வக்கீல் வேணும். உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவருக்கும் அது முடியும். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, காவலில் உள்ள எவருக்கும் இலவச வக்கீல் என்கிறது. புகார் கொடுத்த பெண்ணுக்கும் அதே பிரிவில் அதே உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100க்குப் போன் போடலாம்.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியவை சில:

ஆஜராகணும். ஓடி ஒளிந்தால் கைதுக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

மகளிர் காவல் நிலையத்தில் 'பேசி முடிச்சுக்கலாம்' என்று எழுதி வாங்கும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

போன் செய்திகள், மருத்துவச் சீட்டுகளை அழிக்காமல் வைத்திருக்கணும்.

மனைவியின் சாட்சிகளை நெருங்கக் கூடாது. ஜாமீன் ரத்தாக அதுவே போதும்.

உண்மையாகவே சமரசம் ஆனாலும் 498ஏ வழக்கைத் தானாக வாபஸ் வாங்க முடியாது. ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகணும்.

வக்கீல் வைப்பது அடித்ததை நியாயப்படுத்த அல்ல. அடித்தானா இல்லையா என்பதை ஸ்டேஷனோ தெருவோ இல்லாமல் கோர்ட் முடிவு செய்யணும். அடிவாங்கின பெண்ணுக்கும் அதுதான் நல்லது. ஒழுங்காக நடந்த விசாரணையில் வரும் தண்டனைதான் அப்பீலிலும் நிற்கும்.