ரைபிளைத் தாங்கும் சேசிஸ்

வீணையின் இசையை வியப்போர் அதன் நரம்புகளைப் புகழ்வரேயன்றி, அந்நரம்புகளைத் தாங்கும் தண்டியைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோரும் அத்தகையரே. குழலையும் தோட்டாவையும் விரித்துரைப்பர். இவற்றைத் தாங்கும் கட்டையைப் பொருட்படுத்தார். ஆயினும், நெடுந்தூரத்திலுள்ள இலக்கைக் குறிதவறாது சுடும் விளையாட்டு அமெரிக்காவிற் பெரிதும் பரவியுள்ள இந்நாளில், அவ்விளையாட்டிற் புதிதாகப் புகுவோர் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, எந்தச் சேசிசை வாங்கலாம் என்பதே. அவர் கையிலுள்ள பொருள் அளவுபட்டது. தவறான ஒன்றிற் செலவிட்டால் பயிற்சிக்கு மிஞ்சுவது ஒன்றுமிராது. ஆகவே இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், கட்டைக்கும் குறிக்கும் உள்ள தொடர்பு யாதென அறிதல் வேண்டும். நல்ல ரைபிள் ஒன்று 100 கெஜத்தில் தன் குண்டுகளையெல்லாம் ஏறக்குறைய 1 அங்குல அகலத்துள் செலுத்துமாயின், அதே கோணம் 1000 கெஜத்தில் 10 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டு விரியும். அண்மையில் மயிரிழையளவான பிழை சேய்மையிற் சாணளவினதாகின்றது. வெடிக்குந்தோறும் குழல் அதிர்கின்றது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையதாக இருப்பின் குண்டுகள் ஓரிடத்தே சென்று சேரும். கட்டையானது குழலை இன்று அழுத்தி நாளை விலகி நிற்குமாயின், அதிர்வு மாறும், குறியும் மாறும். இதனாலேயே குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு சிறு வெளி விட்டு, பூட்டுப்பகுதியை மாத்திரம் அசையாது பிணிப்பது வழக்கமாயிற்று.

முற்காலத்திற் கட்டைகள் பெரும்பாலும் அக்ரூட் மரத்தாற் செய்யப்பட்டன. மரம் அழகியது, கைக்கு இதமானது. ஆனால் ஈரத்தை உண்டு பருக்கும், வெயிலிற் சுருங்கும், சிலகால் முறுக்கிக் கொள்ளும். இதன் தீமை வியட்நாம் போரில் வெளிப்பட்டது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க மரைன் படையினர், ரெமிங்டன் 700 என்னும் ரைபிளை மரக்கட்டையுடன் எம்40 என்ற பெயரால் ஏற்றுக்கொண்டனர். அந்நாட்டின் மழையிலும் புழுக்கத்திலும் கட்டைகள் வீங்கி வளைந்து குழலைத் தொட்டன. ஓர் உயிர் ஒரு குண்டையே நம்பியிருக்குமிடத்து இஃது எளிய குறையன்று. ஆகையால் 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், ஈரம் புகாத கண்ணாடியிழைக் கட்டைகள் மரத்தின் இடத்தைப் பெற்றன.

அடுத்த மாறுதல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் பந்தயங்களில் ரைபிள் சுடுதலில் தங்கப்பதக்கம் பெற்ற மால்கம் கூப்பர் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும், அக்யூரசி இண்டர்நேஷனல் என்னும் நிறுவனத்தின் வாயிலாகப் புதியதோர் ரைபிளை அமைத்தனர். அதில் நீண்டதோர் அலுமினியச் சட்டமே முதுகெலும்பு. பூட்டுப்பகுதி அச்சட்டத்தில் ஒட்டியும் திருகியும் பிணிக்கப்பட்டது. கையும் கன்னமும் படுமிடங்களுக்கு இருபுறமும் பிளாஸ்டிக் ஓடுகள் பொருத்தப்பட்டன. பிரிட்டிஷ் இராணுவம் இதனை எல்96 என்ற பெயரால் ஏற்றது. லாரியின் பாரமனைத்தையும் அடிச்சட்டம் தாங்குவதும், மேற்கூடு வெறும் உறையாக நிற்பதும் நாம் நாடோறும் காண்பதே. அவ்வொப்புமை பற்றியே இதற்கும் சேசிஸ் என்னும் பெயர் வழங்குகின்றது. 1988-ல் அமெரிக்க இராணுவம் கைக்கொண்ட எம்24, இரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் இழைக்கட்டையினுள் அலுமினியப் பாளம் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது.

இது நிற்க, இனித் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, பொருத்தம். சேசிஸ் என்பது குறித்ததொரு பூட்டுப்பகுதிக்கென்றே குடையப்பட்டது. 1962-ல் வெளிவந்த ரெமிங்டன் 700-இன் வடிவைப் பல தொழிற்சாலைகள் பின்பற்றியுள்ளமையால், அவ்வடிவினதாகிய ரைபிளுக்குச் சேசிஸ் வகைகள் மிகுதியும் கிடைக்கும். பூட்டுப்பகுதி குறியதோ நெடியதோ, வலக்கையர்க்கோ இடக்கையர்க்கோ என்பவற்றையும் நோக்குக. தோட்டாப் பெட்டி, கடைகளில் எளிதிற் கிடைக்கும் பொதுவகையினதாயிருத்தல் நன்று.

இரண்டாவது, உடற்பொருத்தம், இதுவே தலையாயது. விசையிலிருந்து தோளிற் படும் முனைவரையுள்ள நீளமும், கன்னம் பதியும் உயரமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இவ்விரண்டையும் கருவியின்றியே கூட்டிக் குறைக்கக் கூடிய சேசிஸ், புதியவர்க்கு மிக உதவும். இதனைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துறுதி செய்து, ரைபிளைப் பத்திரமான திசையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, கண்களை மூடித் தோளில் அணைத்துக் கன்னத்தைத் தளர்வாகப் பதித்தபின் கண்களைத் திறக்க வேண்டும். தொலைநோக்கியில் முழுவட்டமும் தெளிவாகத் தெரிந்தால் பொருத்தம் உண்டு. கழுத்தை நீட்டியோ மடக்கியோ தேட நேரின், பொருத்தம் இல்லை.

மூன்றாவது, பாரம். பந்தயங்களில் 20 இராத்தலுக்கு மேற்பட்ட ரைபிள்களும் உள. பாரம் மிகுந்தால் பின்னுதைப்புக் குறையும். தன் குண்டு வீழுமிடத்தைச் சுடுபவர் தாமே காணலாம். ஆனால் அதே ரைபிளைத் தோளிலிட்டு மலையேறி வேட்டையாட விரும்புவோர்க்கு அது தண்டனையாகும். எனவே, எதன் பொருட்டு வாங்குகிறோம் என்பதை முன்னரே துணிதல் வேண்டும். அடிப்பகுதி பளுவில்லாததாகவும், வேண்டும்போது இரும்புத்துண்டுகளைச் சேர்த்துப் பாரமேற்றத் தக்கதாகவும் உள்ள சேசிசே தொடக்கத்துக்கு ஏற்றது.

சேசிஸ் செய்யமாட்டாத காரியத்தையும் சொல்லிவைப்போம். தேய்ந்த குழலை அது புதிதாக்காது. விசையைப் பதற்றத்துடன் இழுக்கும் விரலைத் திருத்தாது. ஏற்கெனவே செவ்வையாகப் பதிந்த இழைக்கட்டையை விலக்கிச் சேசிசை மாட்டினமையால் மட்டும் குறி நுணுகிவிடாது. திருகுகளைச் செய்தோர் குறித்த அளவுக்கு முறுக்காவிடின், மிக உயர்ந்த சேசிசிலும் குறி அலையும். குளிர்நாடுகளில் உறையில்லா உலோகம் கன்னத்தை வருத்துவதும் உண்மையே.

இறுதியாக, விலை. சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட டாலர்வரை விலையுள்ள சேசிஸ்கள் விற்கப்படுகின்றன. பந்தயத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலர் எனக் கொண்டால், எளிய சேசிசை வாங்கி மிச்சம்பிடிக்கும் 300 டாலர் 200 தோட்டாக்களாகும். அலங்காரத் துளைகளுக்கும் வண்ணப்பூச்சுக்கும் கொடுக்கும் பணத்தைப் பயிற்சிக்களத்திற் செலவிடுவோர் விரைவில் முன்னேறுவர். ஆகவே பூட்டுப்பகுதியை உறுதியாகப் பற்றி, உடலுக்கு இசைந்து, தோட்டாவுக்கும் பணம் மிஞ்சவிடும் சேசிசே முதல் ரைபிளுக்குத் தக்கதென்பது நமது துணிபு.