கருவி இருக்கு, ஓடுதா?

வங்கியில் இருந்தபோது, பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் கடன் கோப்பு என் மேசைக்கு வந்தது. திட்டச் செலவில் 'மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி' என்று ஒரு வரி. ரசீது இருந்தது; டிக் போட்டேன். அது தினமும் ஓடுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்று நான் விவசாயி. எங்க ஊருக்கு மேற்கே அதே மாதிரி ஆலை ஒண்ணு இருக்கு. மேல்காத்து அடிச்ச ராத்திரிக்கு மறுநாள் கீரையைத் தொட்டால் விரலில் செம்பழுப்புத் தூசி ஒட்டுகிறது. நாம் ஒரு சொட்டு ரசாயனம் தெளிக்காவிட்டாலும், தூசி வானத்திலிருந்து இறங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் ஆவியாகும் உலோகம் வெளிக்காற்றில் பட்டதும் நுண்தூளாகிவிடும். செம்பழுப்பு என்றால் இரும்பு. வெண்புகை என்றால் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு. கரும்புகை என்றால் எண்ணெயும் பெயின்ட்டும் படிந்த இரும்பு. ஆகவே முதல் கட்டுப்பாடு உலைக்கு வெளியே: இரும்பைத் தரம் பிரித்து, சுத்தமானதை மட்டும் போடுவது.

அடுத்து, உலை வாய்க்கு மேல் உறிஞ்சு கூண்டு. பழைய இரும்பைக் கொட்டும்போதுதான் புகை அதிகம். அந்த நேரத்தில் கூண்டை ஒதுக்கி வைத்தால் புகை கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். புகைபோக்கி சுத்தமாகத் தெரியும். ஊர் மட்டும் இருமும்.

கூண்டு இழுத்த புகையைச் சூடு தணித்து, தீப்பொறியையும் பெருந்தூசியையும் பிரித்த பிறகு, துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும் அறைக்குள் விடுவார்கள். இதுதான் பேக் ஃபில்டர். நம் மாவு சலிக்கும் துணி மாதிரிதான் வேலை. பையில் படிந்த தூசியை அழுத்தக் காற்று அடித்து உதிர்ப்பார்கள். பை கிழிந்தாலோ தூசி அடைத்தாலோ பயனில்லை. சேர்ந்த தூசியை மூடிய மூட்டையில் எடுக்க வேண்டும். அதில் ஈயம், காட்மியம் இருக்கலாம். பள்ளம் நிரப்ப இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

புகையை இழுத்து இத்தனையையும் இயக்குவது ஒரு பெரிய விசிறி. நம்ம கிணத்து மோட்டார் பலதைச் சேர்த்த அளவுக்கு கரண்ட் இழுக்கும். நிறுத்தினால் ஆலைக்கு லாபம். ராத்திரியில் யார் பார்க்கப் போறாங்க? சிக்கலின் வேர் இங்கேதான்.

ஆலைக்குள் தார் சாலை, தண்ணீர் தெளிப்பு, மூடிய லாரி, கடைசியாக மர வேலி. மரம் நல்லதுதான், ஆனால் விசிறிக்கு மாற்று ஆகாது. இலைமேல் தூசி படிந்தால் வெளிச்சம் குறையும், இலைத்துளை அடைபடும். அது மரத்துக்கும் பொருந்தும், நம் பயிருக்கும் பொருந்தும்.

1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டப்படி, ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். வெளிக்காற்றில் 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான தூசி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது தேசிய அளவுகோல்.

நாங்கள் ஏழு பேர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். தேதி, நேரம், காத்து அடிக்கும் திசை, புகையின் நிறம், கூரையிலிருந்தா புகைபோக்கியிலிருந்தா என்று எழுதுகிறோம். கைபேசியில் படமும் எடுக்கிறோம். அந்த நோட்டின் நகலோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். கோரிக்கை ஒன்றே: பேக் ஃபில்டர் விசிறிக்குத் தனி மின்மீட்டர் வைக்க வேண்டும், அதன் யூனிட் கணக்கை உலை ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்று கோப்பில் நான் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். உங்க ஊர்ப் பக்கம் ஆலை இருந்தால், நீங்க முதல் நாளே கேட்டுடுங்க.